நாய்க்குக் கருத்தடை செய்தல் அகிம்சைக்கு மாறானதா? - இல்லறத்தார்க்கு ஒரு பாடம்



ஒசூரில் நம்மவர் இல்லம் ஒன்றில் ஞாயிறுதோறும் சிறார்க்கு அறநெறிப் பாடம் சொல்லி வருகின்றோம். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி பாடம் முடிந்தும் எழாமல் அமர்ந்திருந்தாள். யாதென வினவினோம். "பாட்டி, எங்கள் நாய்க்கு ஆபரேஷன் செய்து விடலாம் என்று அப்பா சொல்கிறார். உறுப்பை அறுத்தால் பாவம் என்று ஆயா சொல்கிறார். யார் சொல்வது சரி?" என்றாள்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய நமக்கு, வினா எழுந்தவுடன் விடை கூறும் பழக்கம் உண்டு. அன்று அப்பழக்கம் உதவவில்லை. "அடுத்த வாரம் சொல்கிறோம்" என்று அனுப்பி வைத்தோம். அவ்வொரு வாரத்தில் எண்ணியவையும், நூல்களிலும் மருத்துவரிடமும் கேட்டறிந்தவையும், நம் இல்லத்தில் நாமே பட்டறிந்ததும் சேர்ந்து இப்பாடம் ஆயிற்று.

இப்பாடத்தின் முடிவில் வாசகர் மூன்றனை அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று, கருத்தடை அறுவையும் நுண்சில்லும் யாவை என்பது. இரண்டு, அவை கொல்லாமை விரதத்தோடு பொருந்துமா என்பது. மூன்று, நாய் வளர்ப்போர் இல்லத்தில் செய்ய வேண்டுவன எவை என்பது.

1. நாம் வாழும் இடம்

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நிலமும் நெல்லுமாக வாழ்ந்த நம் குடும்பங்களிற் பல, பிள்ளைகளின் தொழிற்சாலைப் பணியை ஒட்டி ஒசூருக்கு வந்து சேர்ந்தவை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் இவ்வூர் வளர்ந்துகொண்டே வருகின்றது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஒசூர் மாநகராட்சியாயிற்று. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் தொடங்கிவிடும். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும்.

இத்தகைய ஊரில் நாய்கள் மிகுதல் இயல்பு. புறநகரில் வீடு கட்டுவோர் காவலுக்கென்று ஒரு குட்டியைக் கொணர்வர். பட்டறைகளிலும் கிடங்குகளிலும் இரவுக் காவலர்க்குத் துணையாக நாய்கள் இருக்கும். பணி மாற்றம் வந்தால் வீட்டைக் காலி செய்வோர், கட்டிலையும் பீரோவையும் லாரியில் ஏற்றுவர். நாயை மட்டும் வாயிலிலேயே விட்டுச் செல்வர். அது பூட்டிய கதவின் முன்பு நாட்கணக்கில் படுத்திருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோ இரவும் பகலும் ஓயாது. அச்சாலையோரத்தில் நாம் காணும் காட்சிகளை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2. நாம் செய்த தவறு

பிறர் குறையைக் கூறுமுன் நம் குறையைக் கூறுவதே முறை. 2013ஆம் ஆண்டு, நம் இல்லத்து வாயிலில் மழைக்கு ஒதுங்கிய பெண்குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தோம். செந்நிறமாதலின் செவலி என்று பெயரிட்டோம். ஊசி போட வந்த கால்நடை மருத்துவர், கருத்தடை செய்துவிடுதல் நலம் என்றார். "அறுவை என்பது நம் அறத்திற்கு ஒவ்வாது" என்று மறுத்தோம். அம்மறுப்பில் நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

ஆயினும் பருவ காலத்தில் அதனைக் காத்து வைக்கும் விழிப்பு நம்மிடம் இல்லை. 2015இல் ஆறு குட்டிகள் பிறந்தன. ஒன்று சில நாட்களிலேயே இறந்தது. மூன்று ஆண்குட்டிகளைக் கேட்டு வாங்கிச் சென்றனர். இரண்டு பெண்குட்டிகளைக் கேட்பார் எவரும் இலர். இறுதியில், தெரு முனையில் பழைய இரும்புக் கடையில் பணி செய்த ஒருவரிடம் இரண்டையும் ஒப்படைத்தோம். ஒப்படைத்ததோடு நம் கடமை முடிந்ததாக எண்ணினோம்.

ஓராண்டு கழிந்து, அவற்றுள் ஒன்றை நெடுஞ்சாலையை ஒட்டிய பாலத்தின் கீழே கண்டோம். விலா எலும்புகள் எண்ணத் தக்கனவாய், மடி தொங்க நின்றது. அருகில் அதன் குட்டிகள். நம்மை அது அறிந்துகொள்ளவில்லை. நம்மோடு வந்த காவற்காரர், "டீச்சரம்மா, போன முறை போட்டது ஒன்றும் தங்கவில்லை. எல்லாம் வண்டியிலே போய்விட்டது" என்றார். மற்றொரு குட்டி என்னவாயிற்று என்று அறிந்துகொள்ள இயலவில்லை.

அத்துடன் முடியவில்லை. 2020இல் செவலி உணவை மறுத்தது. நீரை மட்டும் ஓயாது பருகியது. கருப்பையில் சீழ் பிடித்துள்ளது, உடனே அறுக்காவிட்டால் பிழைக்காது என்றார் மருத்துவர். நலமாயிருந்தபோது வேண்டாம் என்று மறுத்த அதே அறுவையை, ஏழு வயதில், காய்ச்சலும் நஞ்சும் ஏறிய உடலில் செய்ய வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டது; நான்காண்டுகள் உடனிருந்து 2024இல் மறைந்தது. சிறிய துன்பத்தைத் தவிர்த்ததாக எண்ணிப் பெரிய துன்பத்தை அதற்கு நாம் தேடித் தந்தோம். இதனை எழுதுவது எளிதன்று. ஆயினும் இதனை மறைத்துவிட்டுப் பாடம் சொல்லுதல் தகாது.

3. ஒரு கணக்கு

நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். பெண்நாய் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் முதற் பருவம் எய்தும். பின்னர் ஏறத்தாழ ஆறேழு மாதங்களுக்கு ஒருமுறை பருவம் வரும். ஓர் ஈற்றில் நான்கு, ஐந்து, ஆறு குட்டிகள் பிறத்தல் இயல்பு.

இனி, கரும்பலகையில் எழுதுவது போல் எழுதிப் பார்ப்போம். ஒரு பெண்நாய் ஆண்டிற்கு இருமுறை, முறைக்கு ஆறு குட்டி ஈனுகின்றது எனக் கொள்வோம். ஆண்டிறுதியில் 12 குட்டிகள். அவற்றுள் பாதி பெண் எனில் 6. தாயோடு 7. அடுத்த ஆண்டில் அவ்வேழும் அதே அளவில் ஈன்றால் 84 குட்டிகள். மூன்றாம் ஆண்டின் கணக்கு ஐந்நூற்றைத் தாண்டிவிடும்.

மாணவர் இங்கே ஓர் ஐயம் எழுப்புதல் வேண்டும். நம் தெருவில் அவ்வாறு ஐந்நூறு நாய்கள் இல்லையே? சென்ற ஆண்டு பத்து எனில் இவ்வாண்டும் ஏறத்தாழ பத்துதானே? அவ்வாறாயின் எஞ்சியவை எங்கே?

விடை கசப்பானது. அவை இறந்துவிட்டன. மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகள் 364ஐப் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்த கொல்கத்தா ஆய்வாளர்கள், 2016இல் தம் முடிவை வெளியிட்டனர். இனம் பெருக்கும் வயதை எட்டியவை நூற்றுக்கு 19 மட்டுமே. இறந்தவற்றுட் பெரும்பகுதி, வாகனம் முதலாக மனிதர் செயலாலேயே இறந்தன என்றும் அவர்கள் கண்டனர். தெருவில் நாய்த்தொகை பெருகாமல் நிற்பது குட்டிகளின் சாவினால் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. கருத்தடை செய்யாத இல்லத்தார், "நான் எவ்வுயிரையும் கொல்லவில்லை" என்று கூறலாம். ஆயின் அக்குட்டிகளை நாம் பிறப்பித்தோம், நெடுஞ்சாலை கொன்றது. நம் பங்கு யாதும் இல்லை என்று சொல்லவியலுமா?

4. ஐந்து குற்றங்களும் நாயும்

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்திற்கு மாசு உண்டாக்கும் குற்றங்களை, நம் முன்னோர் வகுத்துள்ளனர். தத்துவார்த்த சூத்திரமும், நம் அருங்கலச்செப்பு முதலிய இல்லற ஒழுக்க நூல்களும் இவற்றைக் கூறும். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. உற்று நோக்கின், இவ்வைந்தும் பெரும்பாலும் வீட்டு விலங்குகளை எண்ணியே கூறப்பட்டவை போலத் தோன்றும். கொல்ல மாட்டோம் என்று நோன்பு ஏற்றவரும் தம் தொழுவத்தில் கொடியவராய் இருத்தல் கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

சிறுமியின் ஆயா சுட்டியது மூன்றாவது குற்றத்தையே. அதனை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. நாய் ஐம்பொறியும் மனமும் உடைய உயிர்; வலியை அறியும், அச்சத்தை அறியும். அதன் உடலில் கத்தி வைக்குமுன் தயங்கும் உள்ளம் நல்லுள்ளமே. அத்தயக்கம் இல்லாதோர்க்கு இப்பாடத்தால் பயனில்லை.

எனினும், பிரமாதம் என்னும் விழிப்பின்மையும், சினம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகிய கஷாயங்களுமே ஒரு செயலை இம்சை ஆக்குகின்றன என்பதும் நம் ஆசிரியர்கள் உரைத்ததே. இதனை மற்ற குற்றங்களோடு பொருத்திப் பார்ப்போம்.

கட்டுதல் குற்றம். ஆயின் லாரி ஓடும் சாலையில் நாயைத் தோல்வாரிட்டு நடத்திச் செல்வது குற்றமா? அன்று, அது காவல். அதே நாயை நாள் முழுதும் மூன்று முழச் சங்கிலியில் வெயிலில் கட்டி வைத்தல் குற்றம். உணவு மறுத்தல் குற்றம். ஆயின் மயக்க மருந்து கொடுக்குமுன், வாந்தி மூச்சுக்குழலிற் புகாதிருக்க, மருத்துவர் சொன்ன நேரம் முதல் உணவை நிறுத்துதல் குற்றமா? அன்று. சினத்தால் பட்டினி போடுதல் குற்றம். இரு வகையிலும் புறச்செயல் ஒன்றே. நோக்கமும் விழிப்பும் வேறு.

உறுப்பு அறுத்தலும் அவ்வாறே ஆராயத் தக்கது. அழகுக்காக நாயின் செவியைக் கத்தரித்தலும் வாலை வெட்டுதலும் இன்றும் சிலர் செய்யும் வழக்கங்கள். அவற்றால் நாய்க்கு நன்மை யாதும் இல்லை. வளர்ப்போர் கண்ணுக்கு இன்பம் ஒன்றே பயன். அது ஐயமின்றி அதிசாரம். மயக்க மருந்து கொடுத்து, வலி நீக்கும் மருந்தும் தந்து, நோயினின்றும், தெருவில் மாளப் போகும் குட்டிகளைப் பெறுவதினின்றும் காக்கும் அறுவையை அதனோடு ஒருங்கு வைத்தல் பொருந்துமா என்பதே வினா.

நம் கருத்து இது: பொருந்தாது. ஆயின் இவ்வறுவையைப் புண்ணியச் செயல் என்று கொண்டாடவும் நாம் முற்படவில்லை. அதில் சிறு துன்பம் உண்டு. அதனை நாயின் ஒப்புதல் பெற்றுச் செய்யவில்லை. இல்லறத்தார் அடுப்பு மூட்டுவதிலும் நிலம் உழுவதிலும் இம்சை உண்டென்று அறிந்து, அதனைக் குறைத்து, குறைக்கவியலாததற்கு வருந்தி வாழ்வது போலவே இதனையும் கொள்ளுதல் வேண்டும். அறுவையை உளமார ஏற்க இயலாதோர்க்கு வேறொரு வழியும் உண்டு. பருவம் வரும் ஒவ்வொரு முறையும், இரண்டு மூன்று வாரம், ஒரு கணமும் தவறாது நாயைத் தனித்துக் காத்தல். அவ்விழிப்பை நாயின் வாழ்நாள் முழுதும் காக்க வல்லார் அவ்வழியிற் செல்லலாம். கருப்பை நோய்க்கு மட்டும் அஞ்சியிருத்தல் வேண்டும். அறுவையும் செய்யாது, காவலும் செய்யாது, அகிம்சை என்று பெயரிட்டுச் சும்மா இருத்தலே தவறு. நாம் செய்தது அதுவே.

5. கருத்தடை அறுவை யாது?

பெண்நாய்க்கு முழு மயக்கத்தில் சூலகங்களையும், பெரும்பாலும் கருப்பையையும் அகற்றுவர். ஆண்நாய்க்கு விதைகளை அகற்றுவர். ஆண்நாய்க்கு இது எளிய அறுவை; பெண்நாய்க்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருத்தலின் சற்றுப் பெரிது. ஆறு மாத வயதளவில் செய்தல் பொதுவான வழக்கம். உருவிற் பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியும் வரை பொறுத்தல் நலம் என்பர். எனவே வயதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

நன்மைகள்: பெண்நாய்க்குக் கருப்பைச் சீழ் வராது. இளமையிலேயே செய்தால் மடியில் கட்டி வருவது பெரிதும் குறையும். ஆண்நாய் துணை தேடி மதில் தாண்டி ஓடுவதும், அங்கே சண்டையிட்டுப் புண்படுவதும் குறையும். தெருநாய்களிடையே இணைசேர்க்கையாற் பரவும் ஒருவகைப் பிறப்புறுப்புக் கட்டிநோயும் தவிர்க்கப்படும்.

குறைகளையும் சொல்லுதல் வேண்டும். மயக்க மருந்தால் சிறிது இடர் எப்போதும் உண்டு. அறுவைக்குப் பின் உடல் பருக்கும். உணவைக் குறைத்து நடையைக் கூட்ட வேண்டும். சில பெண்நாய்களுக்கு முதுமையில் சிறுநீர் கசியும். கடிக்கும் குணம் அனைத்தும் இதனால் மாறிவிடும் என்று எண்ணுதலும் பிழை. அச்சத்தால் கடிக்கும் நாய்க்கு வேண்டுவது பொறுமையும் பழக்கமும்.

அறுவைக்குப் பின் பத்து முதல் பதினான்கு நாட்கள் காத்தல் வேண்டும். தையலை நக்காதிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டுவர். குளிப்பாட்டலும் ஓட விடலும் ஆகா. வீக்கமோ கசிவோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

6. நுண்சில்லு யாது?

மைக்ரோசிப் எனப்படும் நுண்சில்லு, நெல்மணி அளவினது. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழலுள் அடங்கியது. ஊசி வழியே, நாயின் தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கடியில் வைப்பர். இதற்கு அறுவை வேண்டா; தடுப்பூசியை விடச் சற்றுத் தடித்த ஊசி, அவ்வளவே. அதனுள் மின்கலம் இல்லை. படிப்பான் கருவியை அருகிற் கொண்டுசென்றால், அக்கருவியின் அலையால் விழித்துத் தன் 15 இலக்க எண்ணைக் கூறும். பன்னாட்டுத் தர அளவுப்படி அமைந்த சில்லெனின் எந்நாட்டிலும் படிக்கலாம்.

பலர் எண்ணுவது போல, நாய் எங்கே இருக்கின்றது என்பதை அது கைப்பேசியில் காட்டாது. அது பெயர்ச்சீட்டு, திசைகாட்டி அன்று. எண்ணோடு நம் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவேட்டில் இருந்தால்தான் பயன். வீடு மாறியோர், தொலைபேசி எண் மாற்றியோர், பதிவையும் மாற்றுதல் கட்டாயம். எவ்விடத்தில் பதிந்துள்ளனர் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.

எல்லையில் வாழும் நமக்கு இதன் பயன் மிகுதி. நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் நாய், தீபாவளி இரவில் வெடியோசைக்கு அஞ்சி ஜூஜூவாடியிலிருந்து ஓடிவிட்டது. கழுத்துப் பட்டை அறுந்து வேலியில் கிடந்தது. பதினோராம் நாள் அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு தேநீர்க் கடையருகே கண்டெடுத்தனர். கடைக்காரர் கன்னடத்தவர்; நல்லவர். நாள்தோறும் பன் கொடுத்துக் காத்திருக்கின்றார். ஆனால் எவர் நாய் என்று அறிய அவருக்கு வழியில்லை. பட்டை அறுந்துபோகும், அந்த ஊர் உரிம வில்லையை இந்த ஊரில் அறியார், தோலுக்கடியில் இருக்கும் எண்ணோ எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. அருகில் ஒரு படிப்பான் கருவியும் அந்நாயின் தோலடியில் ஒரு சில்லும் இருந்திருந்தால், பதினொரு நாள் ஒரு நாளாகியிருக்கும்.

சில்லு மற்றொன்றும் செய்கின்றது. நாயைக் கைவிட எண்ணுவோர்க்கு, "இது உன்னுடையது" என்று அது கூறிக்கொண்டே இருக்கும்.

7. வரலாறும் சட்டமும்

நம் மாநிலத்திற்கு இத்துறையில் முன்னோடிப் புகழ் உண்டு. 1959இல் சென்னையில் தொடங்கப்பெற்ற புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாக, 1964 முதலே கருத்தடை செய்து விடுவிக்கும் முறையை வலியுறுத்திச் செயற்பட்டது. சென்னை மாநகராட்சி அதனை ஏற்றது 1996இல். இடைப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கொலை தொடர்ந்தது, நாய்கள் குறையவில்லை. 2001இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2023 மார்ச்சு மாதத்தில் விலங்குகள் கருத்தடை விதிகள் அறிவிக்கப்பெற்றன. தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு. வளர்ப்பு நாய்க்கு அவை வளர்ப்பவர் பொறுப்பு என்று அவ்விதிகள் தெளிவாகக் கூறுகின்றன.

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, எட்டு வாரத்திற்குக் குறைந்த குட்டியை விற்றல் ஆகாது. இனப்பெருக்கம் செய்வோர் தம் நாய்களுக்கு நுண்சில்லு பொருத்துதல் வேண்டும். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் விலங்கைக் கைவிடுதலே குற்றம். வீட்டைக் காலி செய்வோர் இதனை நினைவிற் கொள்க.

2025இன் இறுதியில் சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் நுண்சில்லும் தடுப்பூசியும் கட்டாயம் என்று கூறி, உரிமம் பெறாதோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 22இல் உச்ச நீதிமன்றம், வெறிநோயோ கொடுங்குணமோ இல்லாத தெருநாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. நவம்பர் 7இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களிலிருந்து பிடித்தவற்றை அங்கே திரும்ப விடலாகாது என்றது. தெருநாய்ச் சிக்கல் இன்று நாடெங்கும் வழக்காய் நிற்கின்றது. அதன் ஒரு வேர் நம் வீட்டு வாயிலில் உள்ளது என்பதை மறவாதிருப்போம்.

வெறிநோயைப் பற்றியும் ஒரு சொல். ரேபிஸ் என்னும் அந்நோய் முற்றிய பின் பிழைப்போர் அரிதினும் அரிது. உலகில் ஆண்டிற்கு ஏறத்தாழ 59,000 பேர் இதனால் மாள்வதாகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இந்தியர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு கூறும். நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச்சங்கிலி அறும். நாய் கடித்தாலோ கீறினாலோ, உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் தடவிக் காலம் கடத்துதல் உயிருக்குக் கேடு.

8. இல்லத்தார் செய்ய வேண்டுவன

1. விலை கொடுத்துக் குட்டி வாங்குதலைத் தவிர்க்க. உயிர் வாணிகத்திற்கு நம் பொருள் செல்லலாகாது. வளர்க்க விழைவோர் தெருவில் தவிக்கும் குட்டி ஒன்றை ஏற்றுக்கொள்ளலாம்.

2. மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி. பின்னர் மருத்துவர் குறிக்கும் நாட்களில் தவறாது. ஊசிப் புத்தகத்தைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வைக்க.

3. கருத்தடை பற்றி ஆறு மாதத்திற்கு முன்பே மருத்துவரோடு கலந்து முடிவு செய்க. பருவம் வந்த பின் பதறாதீர்.

4. நுண்சில்லு பொருத்தி, எண்ணை ஊசிப் புத்தகத்தில் எழுதி, பதிவில் தற்போதைய தொலைபேசி எண் உள்ளதா என்று ஆண்டிற்கு ஒருமுறை சரிபார்க்க. பழகுமுறையாகப் பரியூஷண நாட்களில் இதனைச் செய்யலாம்.

5. தெருநாய்க்கு நாள்தோறும் சோறிடும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு, போற்றத் தக்கது. சோறிடும் கை சிகிச்சைக்கும் நீளுதல் வேண்டும். நம்பிக்கையோடு அருகில் வரும் அந்நாயை நாமே மாநகராட்சிக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ தெரிவித்துக் கருத்தடை செய்வித்து, மீண்டும் நம் தெருவிலேயே காக்கலாம்.

6. பணி மாற்றம் வரின் நாயும் குடும்பத்தில் ஒன்று. அழைத்துச் செல்க, இயலாவிடின் பொறுப்புள்ளவரிடம் ஒப்படைத்து, ஓராண்டேனும் சென்று பார்க்க. ஒப்படைத்துவிட்டு மறந்தமையின் பயனை மேலே கூறினோம்.

9. இல்லத்தில் உரையாட வினாக்கள்

1. கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்கள் யாவை? அவற்றுள் எவை நம் இல்லத்து நாய்க்கு அறியாமலே நிகழ்கின்றன?

2. அழகுக்காகச் செவி அறுத்தலும் கருத்தடை அறுவையும் எவ்வகையில் ஒக்கும், எவ்வகையில் வேறுபடும்?

3. நம் தெருவில் சென்ற ஆண்டு பிறந்த குட்டிகள் எத்தனை? இன்று உயிரோடிருப்பவை எத்தனை? சிறார் எண்ணி எழுதுக.

சிறுமிக்கு நாம் கூறிய விடை

அடுத்த ஞாயிறன்று அச்சிறுமிக்குச் செவலியின் கதையை முழுதும் சொன்னோம். பின்னர், "அப்பா சொல்வதைச் செய்யுங்கள். ஆயா சொல்வதை மனத்தில் வைத்துச் செய்யுங்கள்" என்றோம். சற்றே எண்ணியவள், "அப்படியென்றால் இருவரும் சரியா, பாட்டி?" என்றாள். "ஆயாவின் தயக்கம் இல்லாவிட்டால் அறுவை வெறும் வசதியாகிவிடும். அப்பாவின் துணிவு இல்லாவிட்டால் தயக்கம் வெறும் சோம்பலாகிவிடும்" என்றோம்.

தை மாதத்தில் அவ்வறுவை நடந்தது. கூம்பு மாட்டிய நாயின் அருகில் பத்து இரவும் பாய் விரித்துப் படுத்திருந்தவர் ஆயாதான் என்று சிறுமி வந்து சொன்னாள். கொல்லாமை என்பது யாதும் செய்யாமை அன்று என்பதை அம்மூதாட்டியார் நமக்குக் கற்பித்துவிட்டார்.

வாயில்லா உயிர்கள் அனைத்தும் அச்சமின்றி வாழ்க.